ரோடியோ மரபா, டிக்கெட் போட்ட காட்சியா?

"ஹூஸ்டனுக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். மார்ச் நெருங்கினால் ஆபீசில் எல்லாரும் தொப்பியும் பூட்ஸுமாக வருகிறார்கள். இந்த ரோடியோ உண்மையிலேயே பழைய மரபா, இல்லை டிக்கெட் விற்பதற்காக ஜோடித்ததா? ஆறு வயது மகளை அழைத்துப் போகலாமா?" இதுதான் உங்கள் கேள்வி. (ரோடியோ என்பது குதிரைச் சவாரி, கயிறு வீசி மாடு பிடிப்பது போன்ற கௌபாய்ப் போட்டிகளின் விழா.) மரபா காட்சியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். ஆனால் மகளைப் பற்றிக் கேட்ட விதத்தைப் பார்த்தால், அங்கே மாடும் குதிரையும் வதைபடுகின்றனவா என்ற சந்தேகமும் உள்ளே இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சொல்கிறேன்.

நான் வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இங்கே வந்தவன். டெக்சாஸில் மாட்டுப் பண்ணைகளுக்குப் போய் வைத்தியம் பார்ப்பது தொழில். சின்ன ஊர் ரோடியோக்களில் மருத்துவராகக் களத்து ஓரத்தில் நின்ற அனுபவமும் உண்டு. வரலாறு என் படிப்பு இல்லை, வாசித்தும் பண்ணைக்காரர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதுதான். ஆகவே விலங்குகளைப் பற்றி நான் சொல்வதைத் தொழில் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். வரலாற்றில், உறுதியானது எது, ஊர்ப் பெருமை எது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோடியோ மொத்தத்தையும் மரபு என்றோ காட்சி என்றோ முத்திரை குத்த முடியாது. ஒவ்வொரு போட்டியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சில போட்டிகள் பண்ணை வேலையிலிருந்து நேராக வந்தவை. சிலவற்றுக்கும் பண்ணை வேலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அப்புறம், அந்த வேலையை ஆரம்பத்தில் செய்தவர்கள் சுவரொட்டிகளில் நீங்கள் பார்க்கும் ஆட்கள் மட்டும் அல்லர்.

ஸ்பானியர்கள் வரும்போது அமெரிக்காவில் குதிரையும் இல்லை, இந்த மாடும் இல்லை. இரண்டையும் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள். 1493இல் கொலம்பஸின் இரண்டாவது பயணத்தில் கரீபியத் தீவுகளுக்கு வந்த மாடுகளின் வாரிசுகள், 1520களில் மெக்சிகோவுக்குப் போய்ச் சேர்ந்தன. வேலி இல்லாத பரந்த நிலம். மந்தை பெருகிக்கொண்டே போனது. அதை மேய்த்துக் கட்டுப்படுத்தக் குதிரையேறத் தெரிந்த ஆள் வேண்டும். பழங்குடி மக்கள் குதிரை ஏறக்கூடாது என்று ஸ்பானிய அரசு தடை போட்டிருந்தது. ஆனால் பண்ணைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் தடை என்ன செய்யும்? பழங்குடியினர், கலப்பினத்தவர், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று எல்லாரும் குதிரை மேல் ஏறினார்கள். இவர்கள்தான் வக்கேரோக்கள். சுருக்குக் கயிறு, காலை முள்ளிலிருந்து காக்கும் தோல் உறை, முன்பக்கம் கொம்பு துருத்திய சேணம் என்று கௌபாய் என்றதும் உங்கள் கண் முன் வரும் பொருட்களில் பெரும்பாலானவை இவர்களுடையவை.

ரோடியோ என்ற சொல்லே அப்போது போட்டியைக் குறிக்கவில்லை. சிதறி மேயும் மாடுகளை வருடத்துக்கு ஒருமுறையாவது சுற்றி வளைத்து ஒரே இடத்தில் சேர்ப்பார்கள். யார் மாடு யாருடையது என்று சூட்டுக்குறி பார்த்துப் பிரிப்பார்கள். புதுக் கன்றுகளுக்குக் குறி சுடுவார்கள். இந்த வேலைக்குத்தான் அந்தப் பெயர். கலிபோர்னியா அமெரிக்க மாநிலமான கையோடு, 1851இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒரு ரோடியோவாவது நடத்தியே ஆகவேண்டும் என்று அதில் இருந்தது. சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்திய ஒன்றை ஜோடனை என்று சொல்லிவிட முடியாது, இல்லையா?

வடக்கே டெக்சாஸில் கதை 1865க்குப் பிறகு சூடுபிடிக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் மாடு மலிந்து கிடந்தது, கிழக்கு நகரங்களில் மாட்டிறைச்சிக்கு நல்ல விலை. 1867இல் கான்சாஸ் மாநிலத்து ஆபிலீனில் ரயில் நிலையத்தை ஒட்டி மாட்டுப் பட்டிகள் கட்டினார்கள். டெக்சாஸிலிருந்து மந்தை மந்தையாக ஓட்டிக்கொண்டு போய் அங்கே ரயிலேற்றினார்கள். அந்த ஓட்டத்தில் போன ஆட்களில் நான்கில் ஒருவர் கறுப்பர் என்று மதிப்பிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. இது யாரும் தலை எண்ணிச் சொன்ன கணக்கு இல்லை, மதிப்பீடுதான். ஆனால் கறுப்பர்களும் மெக்சிகர்களும் கணிசமாக இருந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. போருக்கு முன் அடிமைகளாக அதே மாட்டை மேய்த்தவர்கள் விடுதலைக்குப் பின் கூலிக்கு மேய்த்தார்கள்.

இந்தக் காலம் நீண்டதில்லை. 1874இல் ஜோசப் கிளிட்டன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். திறந்த மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போனது. ரயில் பாதை பண்ணை வாசலுக்கே வந்தது. 1886-87 குளிர்காலத்தில் வடக்குச் சமவெளியில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. இருபது வருடத்தில் பெரிய ஓட்டம் முடிந்துவிட்டது. கயிறு வீசவும் அடங்காத குதிரையை அடக்கவும் தெரிந்த ஆட்கள் வேலையில்லாமல் நின்றார்கள்.

முதல் ரோடியோ எங்கே நடந்தது என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள், சண்டை வரும். கொலராடோவில் டீர் டிரெயில் என்ற ஊர் 1869 ஜூலை 4 என்கிறது. டெக்சாஸில் பேக்கோஸ் 1883 ஜூலை 4 என்கிறது. அரிசோனாவில் பிரெஸ்காட் 1888 ஜூலை 4 என்கிறது. மூன்றிலும் ஏதோ நடந்தது நிஜம். 'முதல்' என்ற சொல்தான் தகராறு. பரிசு கொடுத்தது கணக்கா, நுழைவுக் கட்டணம் வாங்கியது கணக்கா என்பதைப் பொறுத்து விடை மாறும். எனக்கு இதில் சுவாரசியமானது தேதி. ஜூலை 4 விடுமுறை, பக்கத்துப் பண்ணை ஆட்களும் ஊருக்கு வருவார்கள், எவன் பெரிய குதிரைக்காரன் என்ற பேச்சு வரும், பந்தயம் வரும். யாரும் திட்டம் போட்டுத் தொடங்கியது மாதிரி தெரியவில்லை.

காட்சி என்ற பக்கமும் அதே நேரத்தில் வந்துவிட்டது. பஃபலோ பில் என்று பெயர் பெற்ற வில்லியம் கோடி 1882 ஜூலை 4 அன்று நெப்ராஸ்காவின் நார்த் பிளாட்டில் ஒரு பெரிய கொண்டாட்டம் நடத்தினார். அடுத்த வருடமே ஊர் ஊராகப் போகும் 'வைல்ட் வெஸ்ட்' காட்சியைத் தொடங்கிவிட்டார். மெக்சிகோவின் கயிற்று வித்தைக்காரர் விசென்டே ஓரோபேசா அதில் வித்தை காட்டினார். 1897இல் வயோமிங்கில் ஷாயென் ஃபிரான்டியர் டேஸ், 1910இல் ஓரிகானில் பெண்டில்டன் ரவுண்ட்-அப், 1912இல் கனடாவில் கால்கரி ஸ்டாம்பீட் என்று பெரிய விழாக்கள் வரிசையாக வந்தன. ஆக, 'முன்பு மரபாக இருந்தது, பிறகு வியாபாரமாகிவிட்டது' என்ற வழக்கமான கதை இதற்குப் பொருந்தாது. திறந்தவெளி மேய்ச்சல் சாவதற்கு முன்பே டிக்கெட் வந்துவிட்டது.

இப்போது போட்டிகளுக்கு வருவோம். கன்றைக் கயிறு வீசிப் பிடித்துக் கட்டுவது அசல் பண்ணை வேலை. கயிற்றின் ஒரு முனை சேணக் கொம்பில் இறுகக் கட்டியிருக்கும். சுருக்கு கன்றின் கழுத்தில் விழுந்ததும் ஆள் குதித்து ஓடுகிறார். குதிரை தானாகவே பின்னுக்கு நகர்ந்து கயிற்றைத் தொய்வில்லாமல் பிடித்துக்கொள்கிறது. ஆள் கன்றைப் புரட்டிப் போட்டு, அதுவரை பல்லில் கவ்வியிருந்த சின்னக் கயிற்றால் மூன்று காலைச் சேர்த்துக் கட்டுகிறார். பிறகு குதிரையில் ஏறிக் கயிற்றைத் தளர்த்திவிட்டு ஆறு விநாடி காத்திருக்க வேண்டும். அதற்குள் கட்டு அவிழ்ந்தால் எல்லாம் வீண். நான் தடுப்பூசி போடப் போகும் சில பண்ணைகளில் வசந்த காலத்தில் இன்றும் கயிறு வீசித்தான் கன்றைப் பிடிக்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், அங்கே யாரும் அவசரப்படுவதில்லை.

இருவர் சேர்ந்து ஒரு எருதைப் பிடிக்கும் டீம் ரோப்பிங்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒருவர் கொம்பில் கயிறு போடுவார், மற்றவர் பின்னங்கால்களில். இதில் கயிறு சேணத்தோடு முன்கூட்டியே கட்டப்பட்டிருக்காது. சுருக்கு விழுந்த பிறகு கையில் மிஞ்சிய கயிற்றைச் சேணக் கொம்பில் சட்டென்று சுற்ற வேண்டும். இது மெக்சிகோ, கலிபோர்னியா வக்கேரோக்களின் முறை. இறுகக் கட்டிவைப்பது டெக்சாஸ்காரர்களின் முறை. திறந்த வெளியில் வேகமாக வேலை முடிக்கக் கட்டி வைத்த கயிறு நல்லது. மாட்டின் இழுப்புக்கு ஏற்ப விட்டுப் பிடிக்கவும், ஆபத்து வந்தால் கைவிடவும் சுற்றிய கயிறு நல்லது. இரண்டு மரபும் ஒரே மாலையில், ஒரே களத்தில், அடுத்தடுத்து நடக்கின்றன. பார்க்கும் பத்தாயிரம் பேரில் எத்தனை பேர் கவனிப்பார்களோ! சுற்றும் முறைக்கு ஒரு விலை உண்டு. சுற்றும்போது விரல் இடையில் மாட்டினால் போச்சு. கட்டைவிரல் பாதியோடு நிற்கும் வயதான கயிற்றுக்காரர்களோடு கைகுலுக்கியிருக்கிறேன்.

சேணம் போட்ட அடங்காத குதிரை மேல் எட்டு விநாடி தாக்குப்பிடிப்பதும் வேலையிலிருந்து வந்ததுதான். பண்ணைக்கு வரும் முரட்டுக் குதிரையை யாராவது ஏறிப் பழக்க வேண்டியிருந்தது. விதிகள் மட்டும் பிற்காலத்தவை. ஒரு கை மட்டும்தான் பிடிக்கலாம், மற்ற கை குதிரையின் மேல் பட்டால் மதிப்பெண் கிடையாது. குதிரையின் முதல் துள்ளலில் ஏறியவரின் குதிமுள் (பூட்ஸின் குதிகாலில் மாட்டும் முள்) அதன் தோள் பகுதியில் இருந்தாக வேண்டும். மொத்தம் 100 மதிப்பெண்ணில் பாதி மனிதனுக்கு, பாதி விலங்குக்கு. சோம்பேறிக் குதிரை வாய்த்தால் எவ்வளவு நன்றாக உட்கார்ந்தாலும் ஜெயிக்க முடியாது.

ஆனால் கூட்டம் எழுந்து நின்று கத்தும் புல் ரைடிங் இருக்கிறதே, அதற்கு எந்தப் பண்ணை வேலையும் ஆதாரம் இல்லை. காளை மேல் ஏறிச் சவாரி செய்ய எந்த முதலாளியும் கூலி கொடுத்ததில்லை. மெக்சிகோ விழாக்களின் காளைச் சவாரியோடு அதற்கு உறவு உண்டு, ஆனால் அதுவும் வித்தைதான். பீப்பாய்களைச் சுற்றிப் பெண்கள் குதிரை ஓட்டும் பேரல் ரேசிங்கும் களத்துக்காகவே பிறந்தது. ஓடும் குதிரையிலிருந்து தாவி எருதின் கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் போட்டியைப் பிரபலமாக்கியவர் ஒரே மனிதர்: பில் பிக்கெட், 1870இல் டெக்சாஸில் பிறந்தவர், கறுப்பினமும் செரோக்கி வம்சமும் கலந்தவர். பிடித்த மாட்டின் மேலுதட்டைக் கடித்து அடக்குவார்! மாடு பிடிக்கும் நாய்கள் அப்படிச் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். ஓக்லஹோமாவின் 101 ராஞ்ச் என்ற பண்ணை அவரைத் தன் காட்சிகளில் ஊர் ஊராகக் கூட்டிப்போனது. ஆனால் கறுப்பர் என்பதால் பல போட்டிகளில் அவருக்கு இடம் இல்லை. 1932இல் குதிரை உதைத்து இறந்தார்; தேசிய ரோடியோ ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர 1971 ஆனது.

1911இல் பெண்டில்டனில் நடந்தது இதைவிடத் தெளிவாகப் பேசும். முரட்டுக் குதிரைச் சவாரியின் இறுதிச் சுற்றில் மூன்று பேர்: வெள்ளையரான ஜான் ஸ்பெயின், கறுப்பரான ஜார்ஜ் ஃபிளெட்சர், நெஸ் பெர்ஸ் பழங்குடியைச் சேர்ந்த ஜாக்சன் சன்டவுன். நடுவர்கள் ஸ்பெயினுக்குப் பரிசுச் சேணத்தைக் கொடுத்தார்கள். கூட்டத்துக்கு ஃபிளெட்சர்தான் ஜெயித்தவர். ஷெரிஃப் டில் டெய்லர் ஃபிளெட்சரின் தொப்பியை வாங்கித் துண்டு துண்டாக வெட்டி, அரங்கிலேயே விற்றுப் பணம் திரட்டி அவரிடம் கொடுத்தார். நடுவர்கள் வேண்டுமென்றே அநீதி செய்தார்களா என்று இப்போது நிரூபிக்க வழியில்லை. அன்று அரங்கில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைத் தொப்பி சொல்லிவிட்டது. சன்டவுன் 1916இல் திரும்பி வந்து அதே பட்டத்தை வென்றார், 53 வயதில்.

பெண்கள் விஷயத்தில் வரலாறு பின்னோக்கி நடந்திருக்கிறது. 1912இல் கால்கரியில் ஃபேனி ஸ்பெரி ஸ்டீல் முரட்டுக் குதிரைச் சவாரியில் பெண்கள் பட்டம் வென்றார். அப்போது அது பெரிய விழாக்களில் சாதாரணம். 1929இல் பெண்டில்டனில் பானி மெக்கரோல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபின், அங்கே பெண்களின் அந்தப் போட்டியை நிறுத்தினார்கள், மெல்ல மெல்ல மற்ற இடங்களிலும். அதே களங்களில் ஆண்கள் இறந்தபோது ஆண்கள் போட்டியை யாரும் நிறுத்தவில்லை. 1948இல் பெண்கள் டெக்சாஸின் சான் ஆஞ்சலோவில் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். பேரல் ரேசிங் நிலைபெற்றது அதற்குப் பிறகுதான்.

ஆண்களுக்கும் ஒரு தொழிற்சங்கக் கதை உண்டு, பலருக்குத் தெரியாது. போட்டியாளருக்குச் சம்பளம் கிடையாது. நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் களத்தில் இறங்க வேண்டும். 1936இல் பாஸ்டனில், அந்தக் கட்டணத்தையாவது பரிசுப் பணத்தோடு சேருங்கள் என்று கேட்டு 61 கௌபாய்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெயித்தார்கள். அன்று ஆரம்பித்த ஆமைச் சங்கம்தான் (நிஜமாகவே அதுதான் பெயர்) இன்றைய தொழில்முறை ரோடியோ கௌபாய்கள் சங்கத்தின் மூதாதை. தனியாக நின்று மண்ணை வென்ற வீரன் என்று சொல்லப்படும் கௌபாய், கூலிக்காகக் கூட்டமாக வெளிநடப்பு செய்தவன்.

ஹூஸ்டனில் இருக்கிறீர்கள் என்பதால் ஒன்று. விழாவுக்கு முன் குதிரைகளிலும் வண்டிகளிலும் பல திசையிலிருந்து ஊருக்குள் வரும் பயணக் குழுக்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பிரெய்ரி வியூ குழு 1957இல் கறுப்பினக் குதிரைக்காரர்கள் தொடங்கியது. நிறுவியவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் பாயின்டெக்ஸ்டர், என் தொழில்காரர், கால்நடை மருத்துவர். இன்னொருவர் மர்டிஸ் டைட்மன். தேசிய ரோடியோ இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் கறுப்பர், 1960களில். காளைச் சவாரியில் உலகப் பட்டம் ஒரு கறுப்பருக்கு, சார்லஸ் சாம்ப்சனுக்கு, கிடைக்க 1982 ஆனது. மெக்சிகோவின் மூல மரபைப் பார்க்க ஆசை என்றால் ஏப்ரலில் சான் அன்டோனியோவுக்குப் போங்கள். அங்கே 1947 முதல் ஒரு சாரோ (மெக்சிகோவின் மரபுக் குதிரைக்காரர்) சங்கம் இருக்கிறது, ஃபியஸ்டா விழாவில் சார்ரியாடா என்ற மெக்சிகோ பாணி ரோடியோ நடத்துகிறார்கள். அங்கே கடிகாரத்தைவிட அழகுக்கு மதிப்பு. பக்கவாட்டுச் சேணத்தில் உட்கார்ந்து எட்டுப் பெண்கள் ஒன்றாகக் குதிரை ஓட்டும் எஸ்கராமுசாவை என் மனைவி பார்த்துவிட்டு, இனி ரோடியோவுக்குக் கூப்பிடாதே, இதற்கு மட்டும் கூப்பிடு என்றார். 2016இல் யுனெஸ்கோ சார்ரேரியாவை, அதாவது சாரோக்களின் இந்தக் குதிரைக் கலையை, மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இனி விலங்குகள். நிறையப் பேர் என்னிடம் கேட்பது, குதிரை துள்ளுவதற்காக அதன் விதைகளைக் கயிற்றால் கட்டுகிறார்களாமே என்று. இல்லை. துள்ளவைக்கக் கட்டும் பட்டை வயிற்றுக்குப் பின்னால், தொடைக்கு முன்னால் இடுப்புப் பகுதியில் போகிறது. குதிரைக்குப் போடுவதில் கம்பளித்தோல் உள்ளுறை இருக்கும். துள்ளும் குதிரைகளில் பல பெண் குதிரைகள், இன்னும் பல காயடிக்கப்பட்டவை. கட்டுவதற்கே ஒன்றும் இல்லை. பட்டை தொந்தரவு தருகிறது, அதை உதறத்தான் துள்ளுகிறது என்பது உண்மை. ஆனால் துள்ளும் குணத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்த விலங்குகள் இவை. நன்றாகத் துள்ளும் ஒரு குதிரையின் விலை தெரிந்தால், உரிமையாளர் அதை ஏன் மகாராஜா மாதிரிப் பார்த்துக்கொள்கிறார் என்று புரியும். என்னைச் சங்கடப்படுத்துவது கன்று பிடிப்பதுதான். நூறு கிலோவுக்கு மேலான கன்று முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது கழுத்தில் கயிறு இறுகுகிறது. பெரும்பாலான கன்றுகள் எழுந்து நடந்து போய்விடும். எல்லாம் போய்விடாது. பண்ணையில் மெதுவாகச் செய்யும் அதே வேலை களத்தில் வேறொன்றாகிவிடுகிறது என்பது என் கருத்து. சக மருத்துவர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இழுபட்டதும் கயிறு சேணத்திலிருந்து அறுந்துகொள்ளும் பிரேக்அவே முறை இருக்கிறது, பெண்கள் போட்டியாக நடக்கிறது. ஆண்களுக்கும் அதுவே போதும் என்பேன். பிரிட்டனில் 1924இல் வெம்ப்ளியில் நடந்த ரோடியோ பெரிய சர்ச்சையாகி, 1934இல் இத்தகைய காட்சிகளைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். மரபு என்பதால் கேள்வி கேட்கக்கூடாது என்றும் இல்லை, கேள்வி இருப்பதால் மரபு இல்லை என்றும் ஆகாது.

மனிதர்களுக்கான ஆபத்து அதைவிடப் பெரிது. 1989இல் ஷாயெனில் லேன் ஃபிராஸ்ட் என்ற உலக சாம்பியனைக் காளை முட்டிக் கொன்றது. நெஞ்சுக்கவசம் பரவலானது அதன் பிறகு. மகள் முன்னால் ஒருவர் மிதிபடலாம், அதற்குத் தயாராக இருங்கள். முதல் தடவையாகப் போகிறீர்கள் என்றால் பகல் நேரக் கால்நடைக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, மாலையில் கயிற்றுப் போட்டிகளும் பேரல் ரேசிங்கும் நடக்கும்வரை இருங்கள். காளைச் சவாரி பெரும்பாலும் கடைசியில்தான் வரும், அதற்கு முன் கிளம்பிவிடலாம். குட்டிப் பிள்ளைகளை ஆட்டின் மேல் உட்காரவைத்து ஓடவிடும் ஒரு போட்டியும் உண்டு, ஐந்து ஆறு வயதுக்காரர்களுக்கு, தலைக்கவசத்தோடு. பிள்ளைகள் இரண்டு மூன்று விநாடியில் விழுந்து எழுந்து சிரிப்பார்கள். ஆட்டுக்கு அது பெரிய சுமை இல்லை. மகள் நானும் ஏறுகிறேன் என்று அடம்பிடித்தால், வயதும் எடையும் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும், அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது.